விசிறியைத் திருப்பி மாட்டிய மாலை

சரிபார்த்தவை மட்டும்

நானே கண்டவற்றையும், என் கணவரும் அவருடைய நண்பர் சிக்கந்தரும் தனித்தனியே கேட்டபோது ஒன்றுபோலச் சொன்னவற்றையும் மட்டுமே இந்த வாரம் எழுதப்போகிறேன். காரணம் எளியது. எங்கள் தோட்டத்து மரக்கொட்டகையின் கதை இப்பொழுது வாயலூர்ச் சாலையில் மூன்று வடிவங்களில் உலவுகிறது. சிக்கந்தர் தம் மரக்கடைக்கு வருவோரிடம் சொல்வது ஒன்று. என் கணவர் தொலைபேசியில் உறவினர்க்குச் சொல்வது மற்றொன்று. தச்சர் கன்னியப்பன் வேலைக்குப் போகும் வீடுதோறும் சொல்வது மூன்றாவது. அந்த மூன்றாவதில் நான் ஒரு கண்ணாடித் துண்டுக்கு நேர்ந்துகொண்டு அதை நாள்தோறும் வலம்வந்த பெண்மணி.

மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றிலும் சொல்பவரே வீரர். ஆகவே சரிபார்க்க முடியாத எதையும் இங்கே சேர்க்கவில்லை.

வெப்பநிலை எண்களையும் தரவில்லை. வீட்டில் இரண்டு வெப்பமானிகள் இருந்தன. அவை ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. எனவே 'வெந்தது', 'இதமாக இருந்தது' என்னும் சொற்களோடு நிறுத்திக்கொள்கிறேன். அவற்றுக்கு என் தோல் சாட்சி.

ஊதுவத்திப் புகை

கோடை முடிந்தும் வெயில் தணியாத ஒரு நாள் பிற்பகல். கடற்காற்று எழும்பிச் சவுக்குத் தோப்பை இரைய வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று எட்டாத மறைவில், கொட்டகையின் மேற்குச் சுவருக்கு முன்னால், மூன்று ஆண்கள் குனிந்து நின்றார்கள்.

நடுவில் நின்றவர் என் கணவர் அருணாசலம். அவர் கையில் எரியும் ஊதுவத்தி ஒன்று. அதை இரண்டு பலகைகளுக்கு இடையிலிருந்த மெல்லிய இடுக்கின் அருகே மெதுவாகக் கொண்டுபோனார். புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு நூல் ஊசிக்காதில் நுழைவதுபோல் இடுக்குக்குள் நுழைந்து மறைந்தது.

"போகுது பாத்தியா," என்றார்.

"அடுத்த இடுக்குல காட்டு மச்சான்," என்றார் சிக்கந்தர்.

அங்கும் புகை உள்ளே போயிற்று. அதற்கடுத்த இடுக்கிலும் போயிற்று. சிக்கந்தர் என் கணவரின் கையைப் பற்றிக் குலுக்கினார். இருவரும் அணுமின் நிலையத்தின் காற்றோட்டப் பிரிவில் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாகவே ஓய்வு பெற்றவர்கள். அன்று அவர்கள் முகத்தில் கண்ட மலர்ச்சியை அவர்களுடைய பணிநிறைவு விழாவிலும் நான் கண்டதில்லை.

மூன்றாமவர் கன்னியப்பன். கொட்டகையின் மரவேலை முழுவதும் அவருடையது. அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஊதுவத்தி காட்டியாச்சு. கற்பூரம் கீதா சார்?"

நான் அடுக்களைப் பின்வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது நல்ல நாள். அந்தக் கொட்டகை எனக்காகவே அத்தனை பாடுபட்டுச் செப்பனிடப்பட்டது. அதற்குள் என் கண்ணாடி இருந்தது.

பீப்பாயைச் சுற்றி

கண்ணாடியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நகரியப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சென்னையில் சில ஆர்வலர்கள் நடத்திய வகுப்புக்குப் போனேன். தொலைநோக்கிக்கு வேண்டிய குழியாடியைக் கையாலேயே தேய்த்து உருவாக்கும் வகுப்பு. இலக்கணம் கற்பித்தவள் ஏன் அங்கே போனாள் என்று பலர் கேட்டார்கள். எனக்கு விடை தெரிந்திருந்தது. பள்ளியின் மொட்டைமாடியில் ஒருமுறை பிள்ளைகளுக்காகத் தொலைநோக்கி வைத்தபோது, நான் வரிசையை ஒழுங்குசெய்துகொண்டே இருந்துவிட்டேன். என் முறை வருவதற்குள் மேகம் வந்துவிட்டது. அன்று முதலே, நானே செய்த ஆடியில் நிலவைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. எவர் வரிசையிலும் நிற்காமல், என் தோட்டத்தில், நான் விரும்பும் நேரம்வரை.

வேலையின் முறை இது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே சிறிய, தடித்த வட்டக் கண்ணாடிகள் இரண்டு வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, இடையே கரகரப்பான தூளும் நீரும் இட்டுத் தேய்த்தால், மேலது குழியும், கீழது குவியும். தூளின் பருமனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். இறுதியில் மெருகு. குங்கிலியப் பிசினை விளக்கெண்ணெயோடு இளக்கிய கீலை ஒரு மெத்தைபோல் வார்த்து, அதன்மேல் இளஞ்சிவப்பு மெருகுத்தூளைத் தடவி, ஆடியை மெல்ல மெல்லத் தேய்க்கவேண்டும்.

தேய்க்கும் கை ஒரே பக்கத்தில் நின்றால் வளைவு கோணிப்போகும். ஆதலால் மணல் நிரப்பிய எண்ணெய்ப் பீப்பாயின் தலையில் கண்ணாடியை வைத்து, தேய்த்துக்கொண்டே பீப்பாயைச் சுற்றி நடக்கவேண்டும். இதைத்தான் கன்னியப்பன் முதல்நாள் கதவிடுக்கில் கண்டார்.

"இன்னா சார், அம்மா எதுனா வேண்டுதலா?" என்று என் கணவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாராம்.

"ஆமா. நிலாவுக்கு."

"நெலாவுக்கு இன்னாத்துக்கு பீப்பாய சுத்தணும்?"

"நிலா எட்டல. அதனால பீப்பா."

இந்த உரையாடலை என் கணவரும் உடனிருந்த சிக்கந்தரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள்.

வெந்த கொட்டகை

முதலில் அது மண்வெட்டியும் நீர்க்குழாயும் வைக்கும் கொட்டகை. இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பலகைகளைச் சிக்கந்தர் தம் கடையில் விற்பார். அந்தப் பலகைகளாலான சுவர், மேலே தகரக்கூரை. வீட்டுக்குள் கண்ணாடி தேய்க்க இடமில்லை என்பதால் பீப்பாய் அங்கே குடியேறியது.

கரகரப்பான தூள்களோடு தேய்த்தவரை குறையொன்றும் தெரியவில்லை. மெருகுக்கு வந்தபோதுதான் கொட்டகை தன் குணத்தைக் காட்டியது. நண்பகலில் தகரம் வெந்தது. அதன்கீழ் நானும் வெந்தேன். கீல்மெத்தை இளகி ஓரங்களில் தொங்கியது. மாலையில் கடற்காற்று வந்ததும் இறுகிக் கல்லாயிற்று. கீல் ஒரே பதத்தில் நிற்காவிட்டால் ஆடியின் வளைவு நிற்காது. கண்ணாடியும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் பொருள்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் அன்று மாலையே கொட்டகையை ஒருமுறை சுற்றிவந்தார். பணிஓய்வுக்குப் பிறகு மாமரத்துக்கு நீர் பாய்ச்சுவதைத் தவிர வேறு பொறுப்பில்லாமல் இருந்தவர். சுற்றிவந்து நின்றபோது அவர் நடையே மாறியிருந்தது.

"டீச்சர், இத நான் பாத்துக்கறேன்," என்றார். நகரியத்தில் எல்லாரும் அழைத்த பெயராலேயே அவரும் என்னை அழைப்பார்.

மறுநாள் காலை சிக்கந்தரின் வண்டி வாசலில் நின்றது.

பூனைகள்

சுவரில் வெப்பத்தைத் தடுக்க எதை வைப்பது என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து. கன்னியப்பன் கூரைமேல் ஓலை வேய்ந்தால் போதும் என்றார். என் கணவர் புதிய தெர்மாகோல் பலகைகள் வாங்கலாம் என்றார். சிக்கந்தர் கையை உயர்த்தினார்.

"எதுக்கு மச்சான் புதுசு? குப்பத்துல மீன் போட்டு அனுப்பற பொட்டி எத்தினி வோணும் உனக்கு? ஓரம் ஒடஞ்சதெல்லாம் சும்மா கெடக்குது."

அவ்வாறே சதுரங்கப்பட்டினம் மீனவர்குப்பத்திலிருந்து, ஓரம் உடைந்த வெண்ணிறத் தெர்மாகோல் பெட்டிகள் வண்டி நிறைய வந்திறங்கின. அவற்றைத் தட்டையாக அறுத்து, சோப்புநீரில் கழுவி, பிறகு புளிக்கரைசலால் தேய்த்து, தோட்டத்தில் உலர்த்தினோம். மாமரத்தடி முழுவதும் வெள்ளைச் சதுரங்கள். என் மூக்கு அவை தூய்மையாகிவிட்டதாகச் சான்றளித்தது.

கன்னியப்பன் பலகைச் சுவரின் உட்புறம் செங்குத்தான மரச்சட்டங்கள் அடித்தார். சட்டங்களின்மேல் தெர்மாகோல், அதன்மேல் உட்பலகை. வெளிப்பலகைக்கும் தெர்மாகோலுக்கும் இடையே விரல்நுழையும் வெளி ஒன்று விடப்பட்டது. அதன் அடியிலும் முடியிலும் சிறு திறப்புகள். சுவருக்குள் புகும் கடலின் ஈரம் தங்கி மரத்தை அழுகச் செய்யாதிருக்க, சுவரும் மூச்சுவிட வேண்டும் என்றார் என் கணவர். உட்பலகைகளுக்கு இடையேயும், கதவோரத்திலும், மூலைகளிலும் இடுக்குகள் எஞ்சின. பெட்டிப்பலகைகள் என்றும் நேராக நிற்பவை அல்ல. கூரையின் கீழும் அதே அடுக்கு, தகரத்தின்மேல் சுண்ணாம்பு.

வேலை முடிந்த மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனேன். தெருவிலுள்ள பூனைகள் அத்தனையும் கொட்டகையைச் சூழ்ந்து, சுவரைப் பார்த்தவாறு, அடக்கமாக அமர்ந்திருந்தன. ஒன்றுகூடக் குரலெழுப்பவில்லை.

"வூட்டுக்குள்ள இம்மாம் பெரிய மீன் கீதுன்னு நெனச்சுக்கினு கீதுங்க," என்றார் கன்னியப்பன்.

சில வாரங்களில் பூனைகள் நம்பிக்கை இழந்து கலைந்தன. ஒரு சாம்பல்நிறப் பூனை மட்டும் மழைக்காலம்வரை வந்துகொண்டிருந்தது.

கொட்டகை இதமாயிற்று. நண்பகலில் உள்ளே போனால் மாமரத்தடியில் நிற்பதுபோன்ற உணர்வு. கீல் தன் பதத்தில் நின்றது.

கறிவேப்பிலைக்கு ஒரு வடிகட்டி

இனிக் காற்று. மூடிய அறையில் மெருகேற்றினால் வியர்வை ஆடியில் சொட்டும், மூச்சு முட்டும். சன்னலைத் திறந்தால் மணல் வரும். எங்கள் பகுதியில் பிற்பகற்காற்று மணலைத் தன்னோடு கொண்டுவரும். காயப்போட்ட வற்றலில் கரகரப்பும், புத்தக அலமாரியில் நறநறப்பும் இங்கே அன்றாடம். ஒரு பொடிமணல் மெருகேற்றும் ஆடிக்கும் கீலுக்கும் இடையே விழுந்தால் போதும். அது உழுதுகொண்டே போகும்.

"தூசுக்குத்தான நாங்க இருக்கோம்," என்றார் சிக்கந்தர்.

அவர்கள் இருவரும் அந்த வேலையைச் செய்த விதத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மேற்குச் சுவரில், நிழலான இடத்தில், ஒரு விசிறி பொருத்தினார்கள். விசிறிக்கு உட்பக்கம், வெளுத்த பருத்தி வேட்டியைப் பல மடிப்பாக மடித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வடிகட்டி ஒன்று. கதவுக்கு உள்ளே குறுக்காக ஒரு தாழ்ந்த பலகை. அதன் இந்தப் பக்கம் வெளிச்செருப்பு. அந்தப் பக்கம் உட்செருப்பு. பலகையில் அமர்ந்து காலைத் தூக்கி மறுபக்கம் வைத்துத்தான் உள்ளே போகவேண்டும். தலைக்குத் துணி, உடைமேல் வெள்ளை மேலங்கி. நிலையத்தில் அவர்கள் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த முறை அப்படியே என் தோட்டத்துக்கு வந்துசேர்ந்தது.

விசிறி சுழன்றது. உள்ளிருந்த காற்று வடிகட்டி வழியே வெளியே போயிற்று. ஊதுவத்திச் சோதனை நடந்தது. புகை எல்லா இடுக்குகளிலும் உள்ளே போயிற்று. தொடக்கத்தில் நான் சொன்ன கைகுலுக்கல் அந்தப் பிற்பகலில் நடந்ததுதான்.

நான் மெருகேற்றத் தொடங்கினேன். மூன்றாம் நாள் ஆடியைக் கழுவிச் சாய்வான ஒளியில் பிடித்தபோது கீறல்களைக் கண்டேன். ஒன்றல்ல, ஒரு கற்றை.

ஒரே ஒரு முறை

கீறல் விழுந்த ஆடிக்கு மாற்று ஒன்றே. மெருகை விட்டு, முந்தைய தூளுக்குத் திரும்பவேண்டும். திரும்பினேன். மறுபடியும் பீப்பாயைச் சுற்றினேன். அந்தச் சுற்றுகளின் முடிவில் என் வலக்கைக் கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. குடத்தைத் தூக்க முடியவில்லை. பேனாவின் மூடியைத் திருக முடியவில்லை.

செங்கல்பட்டில் பார்த்த மருத்துவர் விரலை அசைத்துப் பார்த்தார். மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் மருந்துச்சீட்டை எழுதத் தொடங்கினார்.

"ஒண்ணு முடிக்கணும்னா முடிங்க. நிதானமா. ஆனா மறுபடி மொதல்லேந்துன்னு வராதீங்கம்மா."

ஆக, எனக்கு எஞ்சியது ஒரே ஒரு மெருகு. அதிலும் கீறல் விழுந்தால் ஆடி இல்லை. நான் நினைத்திருந்த நிலவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழுவித் துடைத்து, ஒரு பித்தளைப் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடினேன். அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை அதைத் தொடுவதில்லை என்று என் கணவரிடம் சொன்னேன்.

அவர் என்னைவிட வருந்தினார். தூளைச் சலித்தார். நீரை வடிகட்டினார். மேலங்கியைத் துவைத்தார். பீப்பாய் மணல் சிந்துகிறதோ என்று அதன் வாயைக் கட்டினார். விசிறியை இரவுபகலாக ஓடவிட்டார், உள்ளிருக்கும் தூசெல்லாம் வெளியேறிவிடட்டும் என்று.

மணற்கோடுகள்

அதற்குப் பிந்திய ஒரு காலையில், கொட்டகைத் தரையைத் துடைக்கப் போனேன். முந்தைய மாலை துடைத்த தரை. கிழக்குச் சன்னல் வழியே வெயில் தாழ்வாக விழுந்தது. அந்த ஒளியில் தரையில் கோடுகளைக் கண்டேன்.

மெல்லிய, வெண்மையான மணற்கோடுகள். சுவரின் ஒவ்வோர் இடுக்குக்கும் நேர்கீழே ஒரு கோடு. கதவோரத்தில் கொஞ்சம் தடித்த கோடு. விசிறி இருந்த இடத்தின் கீழே மட்டும் ஒன்றுமில்லை. எவரோ விரல்நுனியால் மாக்கோலம் இழைத்தாற்போல் அவ்வளவு அழகு.

அதே நேரத்தில் வெளியே என் கணவரும் சிக்கந்தரும் விசிறியின் வடிகட்டியைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இங்க வந்து பாரு," என்று அழைத்தார் என் கணவர். "எவ்வளவு புடிச்சிருக்கு பாரு. அத்தனையும் உள்ள இருந்தது."

வேட்டித்துணி பழுப்பேறி மண்நிறமாகியிருந்தது. சிக்கந்தர் அதைப் பெருமையோடு விரித்துக் காட்டினார்.

"சோக்கா வேல செய்யுது டீச்சரம்மா. ஒரு பொட்டு வெளிய போவல."

"வெளியே போகவில்லை," என்றேன். "இவ்வளவும் உள்ளே எப்படி வந்தது?"

நான் கதவைத் திறந்து தரையைக் காட்டினேன். கோடுகளைப் பார்த்தார்கள், இடுக்குகளைப் பார்த்தார்கள், விசிறியைப் பார்த்தார்கள். என் கணவர் பலகையில் அமர்ந்து, செருப்பை மாற்றாமலே, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி இருந்துவிட்டார்.

முதலில் சிரித்தவர் சிக்கந்தர். மெதுவாகத் தொடங்கி, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சான்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி நாளா நாம கறிவேப்பிலைச் செடியக் காப்பாத்திகினு இருந்திருக்கோம்."

விசிறிக்கு நேர்வெளியே எங்கள் கறிவேப்பிலைச் செடி நின்றது. கொட்டகைத் தூசு அதன்மேல் படியாதபடி அவர்கள் வடிகட்டி வைத்திருந்தார்கள்.

என் கணவர் சிரிக்கச் சற்றுநேரம் ஆயிற்று.

"வேலைக்குச் சேர்ந்த அன்னைலேர்ந்து ஒரே பாடம் டீச்சர். உள்ள இருக்கறது வெளிய போகக்கூடாது. காத்து எப்பவும் வெளியேர்ந்து உள்ள வரணும். அப்பத்தான் ஊர் பத்திரமா இருக்கும். கண்ண மூடிக்கிட்டு அதத்தான் கட்டியிருக்கோம்."

நிலையத்தில் அஞ்சவேண்டியது அறைக்குள் இருந்தது. அறைக்கு வெளியே இருந்த உலகைக் காத்தார்கள். இங்கே அஞ்சவேண்டிய மணல் உலகம் முழுவதும் கிடந்தது. காக்கவேண்டியது அறைக்குள் ஒரு பாத்திரத்தின் கீழ் இருந்தது. விசிறி உள்ளிருந்த காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்தக் குறையை நிரப்ப வெளிக்காற்று இடுக்குதோறும் மணலோடு புகுந்தது. எவ்வளவு நன்றாக விசிறி வேலைசெய்ததோ, அவ்வளவு மணல்.

அவர்களுடைய வேலையில் பிழையே இல்லை. திசை ஒன்றுதான் மாறவேண்டியிருந்தது.

திருப்பி மாட்டியது

கன்னியப்பனுக்குச் சொல்லியனுப்பினோம். மாலையில் திருப்புளியோடு வந்தார். கதையைக் கேட்டார்.

"அப்ப தோட்டத்துக்குத் தூசு போவாம பாத்துகினீங்களா சார்? மண்ணுக்கு மண்ணு ஒட்டிக்கப்போவுதுன்னா?"

"நீ திருகாணியக் கழட்டு," என்றார் என் கணவர்.

"கழட்டிகினுதான் கீறேன். கேள்வி கேக்கக்கூடாதா?"

"இன்னாத்த கேக்கற நீ? எல்லாரும் நல்லா மாட்டிகினோம், அவ்ளோதான்," என்றார் சிக்கந்தர்.

விசிறி கழன்று, திரும்பி, மீண்டும் அதே துளையில் அமர்ந்தது. வடிகட்டி இப்பொழுது விசிறியின் வெளிப்பக்கத்துக்கு வந்தது. காற்று முதலில் துணியைக் கடந்து, பிறகே உள்ளே வரும். கடலை நோக்கிய சுவரில் பிற்பகற்காற்றின் வேகத்தை விசிறி வெல்லாது என்பதால், அந்த ஒரு சுவரின் இடுக்குகளை மட்டும் ரப்பர்ப்பட்டையால் அடைத்தார்கள். மற்றவற்றை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். உள்ளே சேரும் காற்று வெளியேற வழி வேண்டும். அது வெளியேறிக்கொண்டிருக்கும்வரை மணல் எதிரேறி வராது.

விசிறியை ஓடவிட்டதும் கொட்டகை மூச்சை இழுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியதுபோல் இருந்தது. கதவு தானாகவே சற்று வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டது.

என் கணவர் ஊதுவத்தியை ஏற்றி என்னிடம் நீட்டினார்.

"இந்தத் தடவ நீ காட்டு."

இடுக்கின் அருகே கொண்டுபோனேன். புகை முன்போலத் தயங்கவில்லை. இடுக்கிலிருந்து எவரோ ஊதியதுபோல் என் முகத்தை நோக்கித் திரும்பி வந்தது. எனக்கு இருமல் வந்தது. அந்த இருமலுக்கு மூவரும் கைதட்டினார்கள்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் சாய்ந்த வெயிலில் தரையைப் பார்த்தேன். கோடுகள் இல்லை. கதவுக்கு உள்ளே குறுக்காக வைத்த பலகையையும் செருப்பு மாற்றும் முறையையும் அப்படியே வைத்துக்கொண்டோம். அவை எந்தத் திசைக்கும் பொருந்துபவை.

பாத்திரத்தை எடுத்தேன். விரலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, நாளுக்குச் சிறிதாக, நிதானமாக மெருகேற்றினேன். நான் உள்ளே இருக்கும்போது என் கணவர் மாமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, வருவோர் எவரும் கதவைத் திறக்காதபடி பார்த்துக்கொண்டார். வெளியே வரும்போது வெந்நீர் ஆயத்தமாக இருக்கும். கையை அதில் வைத்துக்கொள்வேன். "எப்படி இருக்கு?" என்பார். கையைக் கேட்கிறாரா, கண்ணாடியைக் கேட்கிறாரா என்று சொல்லமாட்டார். "வழுவழுப்பாக இருக்கிறது" என்பேன்.

பூசாத ஆடியில் நிலவு

ஆடிக்கு உலோகப்பூச்சு ஏற்ற வெளியூருக்கு அனுப்பவேண்டும். அதற்கு முன் பூசாத வெறுங்கண்ணாடியிலும் நிலவை மட்டும் பார்க்கலாம். கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சிறுபகுதியைத்தான் திருப்பித் தரும். நிலவுக்கு அதுவே மிகுதி. இதை வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

கன்னியப்பன் ஒட்டுப்பலகையால் சதுரக்குழலும் தாங்கியும் செய்து தந்தார். வளர்பிறையில், நிலவு பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஒரு மாலை. வானம் முழுதாக இருட்டவில்லை. பணியாளர் பேருந்துகள் அணுபுரம் பக்கம் திரும்பும் ஓசை சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. குழலைத் திருப்பி, கண்வில்லையைப் பொருத்தி, குனிந்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெளிறிய ஒளி ஒன்று கலங்கிற்று. திருகைச் சற்றே நகர்த்தினேன். விளிம்பு கூர்ந்தது.

ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் வட்டவட்டமான பள்ளங்கள். ஒவ்வொன்றின் ஒரு கரையில் வெயில், மறுகரையில் நிழல். ஒரு பள்ளத்தின் நடுவில் சிறு குன்று ஒன்று நின்றது. அதன் முனையில் மட்டும் காலை விடிந்திருந்தது. ஓரத்துக்கு அப்பால், முழு இருளில், எதனோடும் ஒட்டாமல் ஒரே ஓர் ஒளிப்புள்ளி. உயர்ந்த மலையொன்றின் உச்சியாக இருக்கவேண்டும்.

நான் எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்பதில் மூவரும் வேறுபடுகிறார்கள். ஆதலால் எழுதவில்லை. நெடுநேரம் என்பதில் வேறுபாடில்லை.

"டீச்சரம்மா, வரிசைல நாங்களும் கீறோம்," என்றார் சிக்கந்தர் இறுதியில்.

"இருக்கட்டும். நில்லுங்கள்," என்றேன். மேலும் சற்றுநேரம் பார்த்தேன்.

பிறகு என் கணவர் பார்த்தார். நிமிர்ந்து என் வலக்கையைப் பற்றிக்கொண்டார். சிக்கந்தர் பார்த்து நாவால் சப்புக்கொட்டினார். கன்னியப்பன் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"இன்னாமா இது, தரை பூரா குழி குழியா கீது."

"ஆமாம்."

"மண்ணு மேரி தெரியுதே. தூசா?"

"தூசுதான். முழுக்கத் தூசு," என்றார் என் கணவர்.

கன்னியப்பன் கண்ணை எடுக்கவில்லை.

"அங்க காத்து கீதா சார்?"

"காத்து கிடையாது," என்று என் கணவரும் சிக்கந்தரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"காத்தே இல்ல. அப்ப தூசு எங்கியும் போவாது, எங்கேந்தும் வராது." நிமிர்ந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் அங்க ஒரு வேலயும் இல்ல சார்."

தெரியாதவை

ஆடியின் வளைவு எவ்வளவு துல்லியமானது என்பது இன்னும் அளக்கப்படவில்லை. பூச்சு ஏறியபின் மங்கலான விண்மீன்களை அது எப்படிக் காட்டும் என்பதும் தெரியாது. தெர்மாகோல் சுவர் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று சொல்ல எவராலும் இயலவில்லை.

அனுப்புவதற்காக ஆடியைப் பொதியும்போது, சாய்ந்த ஒளியில், விளிம்புக்கு அருகே மயிரிழைபோன்ற ஒரு கீறலைக் கண்டேன். நிலவில் அது தெரியவில்லை. நாங்கள் நால்வரும் முறைவைத்துப் பார்த்தோம். அது விசிறியைத் திருப்புவதற்கு முன்பே விழுந்து நான் தேய்த்துத் தீர்க்காமல் எஞ்சியதா, திருப்பிய பின் விழுந்ததா என்பது தெரியவில்லை.